மருந்து குடித்தவன்

எங்கள் பக்கத்தில் ஒருவன் மருந்து குடிக்கிறான் என்றால் இருமலாக இருக்கலாம். மருந்து குடித்துவிட்டான் என்றால் கதை வேறு. பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்துதான். வெளியூர்க்காரர்கள் குழம்பலாம், நாங்கள் குழம்புவதில்லை. 'குடிச்சிட்டான்' என்று காதில் விழுந்ததுமே வண்டிக்கு ஆள் ஓடிவிடும்.

அதனால்தான் அந்த மார்கழிக் காலையில், திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊர் வயலில், குந்தவை வரப்பின் மேல் நின்று வயிற்றில் அடித்துக்கொண்டு "மருந்து குடிச்சிட்டாரே, ஐயோ, மருந்து குடிச்சிட்டாரே!" என்று கத்தியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் புருஷன் இளையபெருமாள் மருந்தடிக்கிற டேங்க்குக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். பாட்டில் கவிழ்ந்து கிடந்தது. சட்டையெல்லாம் மருந்து நாற்றம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். நினைவில்லாதவன் வாயில் ஊற்றாதே என்று இன்னொருவர் அவர் கையைத் தட்டிவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோனது.

கார்த்திகை மழையில் அவனுடைய குத்தகை நிலம் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்தது. அழுகினது போக மிஞ்சின சம்பாவில் புகையான் பூச்சி விழுந்து, வயல் நடுவில் வட்டம் வட்டமாகக் கருகியிருந்தது. அதனால் காரணம் தேட ஊருக்குச் சிரமமே இருக்கவில்லை. "பாவம், எவ்வளவுதான் தாங்குவான்" என்றார்கள்.

அவன் மருந்து குடிக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுகிற பழக்கம் எனக்கில்லை. அவன் போட்டது மாத்திரை. அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டான்.

முன்பு ஒரு அறுப்பில் டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து முதுகு போனது. அறுப்பு நேரத்தில் படுத்துக் கிடக்க முடியுமா? நெல் ஏற்ற வந்த லாரிக்காரன் ஒருவன் ஒரு வலி மாத்திரை கொடுத்தான். வலி போனது மட்டுமில்லை, உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்து போனது. நாலு பேர் வேலையை அன்று அவன் ஒருத்தனே செய்தான். அந்த லாரிக்காரனை அவன் தெய்வம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு வலி இல்லாத நாளிலும் மாத்திரை இல்லாமல் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு ஒரு கைப்பிடியாகிவிட்டது.

ஆனால் இளையபெருமாளிடம் கேட்டால், அவன் போதைக்காரன் இல்லை. ஜாலிக்குப் போடுகிறவன் போதைக்காரன், நான் வேலைக்குப் போடுகிறேன் என்பான். வேலையில்லாத நாளிலும் போட ஆரம்பித்த பிறகு, ஊசியில் ஏற்றுகிறவன்தான் போதைக்காரன், நான் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறேன் என்று மாற்றிக்கொண்டான். இதெல்லாம் யாரிடம் சொன்னான்? தனக்குத்தானே. நிலம் கைமாறக் கைமாற வேலியைப் பிடுங்கித் தள்ளி நடுகிற மாதிரி, அவன் போகப் போக வேலியும் தள்ளிக்கொண்டே போனது. வேலிக்கு அந்தப் பக்கம் எப்போதும் வேறு யாரோதான் நின்றார்கள். திருவையாற்றில் ஆற்றுப்பாலத்துக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்திருக்கும் பயல்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "பெத்தவங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கிறீங்களேடா" என்று திட்டிவிட்டு வந்ததுகூட உண்டு. திட்டும்போது மாத்திரை அட்டை அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

எங்கள் ஊர் நியாயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முந்தைய வெள்ளத்தில் பயிர் போனபோது தியாகேசன் மருந்து குடித்துச் செத்தார். ஊரே திரண்டது. விவசாய சங்கத்துக்காரர்கள் பச்சைத் துண்டோடு வந்து தோள் கொடுத்தார்கள். 'உழவர் தியாகேசன்' என்று போட்டோவோடு கட்டிய பேனர் வெயிலில் வெளுக்கிற வரைக்கும் பஸ் ஸ்டாப்பில் நின்றது. இன்றைக்கும் அவர் மகன் டீக்கடைக்கு வந்தால் எழுந்து இடம் விடுகிறார்கள். அதற்கடுத்த வருஷம் நாகநாதன் செத்தான். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவன், இதே மாத்திரைதான். பாடை தூக்க ஆள் சேரவில்லை. அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'மாத்திரை' என்று கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள்கூட மறந்து போய் அப்படியே கூப்பிட்டார்கள். அந்தப் பெண் படிப்பை விட்டாள். தாய்க்காரி அவளை அழைத்துக்கொண்டு சீர்காழிப் பக்கம் தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இளையபெருமாள் நாகநாதன் சாவுக்குப் போகவில்லை. "போதைக்காரனுக்கெல்லாம் மாலை வாங்கிட்டுப் போவணுமா?" என்று திண்ணக்கமாகக் கேட்டுவிட்டு வயலுக்குப் போனான். கேட்டபோது குந்தவை அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சோற்றின் மேல் குழம்பை ஊற்றினாள்.

தஞ்சாவூரில் டாக்டர்கள் அவன் கண்ணை விரித்துப் பார்த்தார்கள். பூச்சிமருந்து குடித்தவனுக்கும் கண்மணி கடுகாகச் சுருங்கும். இந்த மாத்திரை அளவு மீறினவனுக்கும் அப்படியேதான் சுருங்கும், மூச்சும் அடங்கிக்கொண்டே போகும். சட்டையில் நாற்றம், கையோடு கொண்டுவந்த பாட்டில், கட்டியவளின் வாக்கு. இத்தனைக்கும் மேல் சந்தேகப்பட அவர்கள் என்ன ஜோசியரா? குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். விஷத்துக்கு உண்டான ஊசியைப் போட்டார்கள். அது அவனை நாக்கு உலர்ந்து பிதற்ற வைத்தது. மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். அந்த மெஷினுக்கு இவன் குடித்தவனா விழுங்கியவனா என்பது தேவையில்லை. அது பாட்டுக்கு மூச்சு விட்டது, இவன் பிழைத்தான்.

கண் விழித்தபோது அவன் அண்ணன் நெடுமாறன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிற மனுஷன், இப்போது தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பெருமாளு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடா? பயிர் போனா போவுது, மருந்தக் குடிப்பியா? நான் செத்தா போயிட்டேன்?"

இளையபெருமாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மருந்து பாட்டில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு எல்லாரும் தப்பாக நினைத்துக்கொண்டார்கள். இல்லண்ணே என்று சொல்ல வாயெடுத்தான். குழாய் உரசின தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. குரல் வந்தபோது சொல்ல மனம் வரவில்லை.

போலீஸ்காரர் வந்து, எதுக்குப்பா குடிச்சே என்று கேட்டார்.

"பயிர் போச்சு சார்."

அதில் பொய் எதுவும் இல்லை. பயிர் போயிருந்தது. போலீஸ்காரரும் ஏதோ ஒரு கிராமத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது, தலையை ஆட்டிவிட்டுத் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சங்கத்துக்காரர்கள் வந்து பழம் வைத்துவிட்டுப் போனார்கள். மருந்து குடித்த விவசாயி. கடையில் புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி இளையபெருமாள் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவனுக்குத் தன்மேல் இரக்கம் வந்தது, அது சுகமாகவும் இருந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு அந்தச் சுகம் நிலைக்கவில்லை. மாத்திரை இல்லாத உடம்பு கணக்குத் தீர்க்க ஆரம்பித்தது. ஓயாத கொட்டாவி. மூக்கில் தண்ணீர். போர்வைக்குள்ளேயும் மயிர்க்கூச்செறிந்தது. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. எல்லாம் விஷத்தின் மிச்சம் என்று வருகிறவர்களிடம் சொன்னான்.

பக்கத்துப் படுக்கையில் சதீஷ் என்று ஒருவன். கீழவாசல் பக்கம் பெயின்ட் அடிக்கிற வேலை. ஊசி ஏற்றி ஏற்றி இடது கை சீழ் வைத்து வீங்கி, காய்ச்சலில் கிடந்தான். அவன் அம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். அவர்களைப் பார்க்க யாரும் வரவில்லை. இளையபெருமாளைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் சதீஷ் தலையை இந்தப் பக்கம் திருப்பி, இளையபெருமாள் கொட்டாவி விடுவதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே."

"என்ன?"

"நீங்க நம்ம ஆளுதானே?"

எங்கள் பக்கத்தில் 'நம்ம ஆளு' என்றால் சாதியைக் கேட்கிறான் என்று அர்த்தம். இளையபெருமாளும் முதலில் அப்படித்தான் நினைத்தான்.

"நீ எந்த ஊரு?" என்றான்.

"அதக் கேக்கலண்ணே. இந்தக் கொட்டாவி, இந்தக் கால் ஒதறல். மருந்து குடிச்சவனுக்கு இப்படி வராது. மூணாவது நாள் தாண்டுனா கொறஞ்சிடும், பயப்படாதீங்க. தண்ணி நெறயக் குடிங்க."

நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் இளையபெருமாளுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "யாரப் பாத்துடா நம்ம ஆளுங்கற? ஊசி போட்டுக் கை அழுகிக் கெடக்குற நாயி, நான் வெவசாயிடா, வெவசாயி!" என்று கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது. சதீஷின் அம்மா முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். சதீஷ் கோபப்படவில்லை. சரிண்ணே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கத்தல் கேட்டோ என்னவோ, டாக்டரம்மா வந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். "ரத்தத்துல பூச்சிமருந்து அவ்வளவா தெரியலைங்க. வேற மாத்திரை ஏதாவது போடுவீங்களா? சொன்னீங்கன்னா அதுக்குத் தனியா வைத்தியம் இருக்கு. நான் யார்ட்டயும் சொல்லப் போறதில்ல."

இளையபெருமாள் வாயைத் திறப்பதற்குள் குந்தவை சொல்லிவிட்டாள். "அவரு வெவசாயிங்க டாக்டர். அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கெடையாது."

டாக்டரம்மா அவளையும் பார்த்தாள், இவனையும் பார்த்தாள். அப்புறம் திரையை விலக்கிவிட்டுப் போய்விட்டாள். அப்பாடா என்றிருந்தது இவனுக்கு. பெண்டாட்டி இவ்வளவு நம்புகிறாளே என்று கண்கூடக் கலங்கியது.

சதீஷ் மறுநாள் செத்துப்போனான். சீழின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அவன் அம்மா அழவில்லை. பிளாஸ்டிக் கவரில் அவன் சட்டையையும் செருப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், "ஊர்ல என்னன்னு சொல்லுவேன், என்னன்னு சொல்லுவேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குந்தவை எழுந்து போய் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"மஞ்சக்காமாலன்னு சொல்லுங்கம்மா. கை வீங்குனதத் துணி போட்டு மூடிடுங்க. காமாலன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

சட்டென்று அவள் வாயில் அது வந்ததைக் கேட்டு இளையபெருமாளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அதை மேலே யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஊர் அவனை மாப்பிள்ளை போல நடத்தியது. நெடுமாறன் மிஞ்சின பயிருக்குத் தானே மருந்தடித்தார். டீக்கடையில் எழுந்து இடம் விட்டார்கள். பூச்சிமருந்து பாட்டில்களையெல்லாம் குந்தவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். கிணற்றுக் கயிற்றைக்கூட ஒளித்து வைத்தாள். மோட்டார் கொட்டகையில் ஓட்டுச் சந்தில் ஒரு மாத்திரை அட்டை பத்திரமாக இருந்தது. அதைப் போய் எடுக்கத்தான் வழியில்லை, ஏனென்றால் பிரகதி அவனை விட்டு நகரவில்லை.

பிரகதீஸ்வரி அவர்களுடைய ஒரே மகள். ஒன்பதாவது படிக்கிறாள். அவன் மயங்கி விழுந்த அன்று காலையில்தான் அவள் பள்ளிக்கூடத்தில் பூம்புகாருக்கு டூர் போவதைப் பற்றிக் கேட்டாள். அந்த நேரம் அவனுக்கு மாத்திரை தேவைப்பட்ட நேரம். "ஒண்ணும் போவ வேணாம், போய் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தான். அவளுக்கும் அப்பன் கோபம் உண்டு. "நீங்கள்லாம் ஒரு அப்பாவா? நீங்க இல்லாமயே நாங்க நல்லா இருப்போம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகுதான் வரப்பு, ஆம்புலன்ஸ், எல்லாம்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. அவன் கொல்லைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "அப்பா... அப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பதில் வர ஒரு நொடி தாமதமானால் கதவைத் தட்டுவாள். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். தாடை எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"நான் அன்னைக்கு அப்படிச் சொன்னதாலயாப்பா?"

"ச்சீ, இல்லடா. பயிர் போச்சுல்ல, அதான்."

அவள் தலையாட்டினாள். நம்பாதவர்கள்தான் அப்படிப் பணிவாகத் தலையாட்டுவார்கள். போன வெள்ளத்திலும் பயிர் போனது, அப்போது அப்பா மருந்து குடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாதா?

இரண்டு நாள் கழித்து அவளுடைய தோழி ஒருத்தி வாசலுக்கு வந்து ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேட்டாள். உள்ளே படுத்திருந்த இளையபெருமாளுக்கு மகளின் பதில் காதில் விழுந்தது. "எங்கப்பா என்னாலதான்டி மருந்து குடிச்சாரு. யார்ட்டயும் சொல்லாத."

நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது அவனுக்கு. புதுச் சட்டை என்று ஆசையாக மாட்டிக்கொண்டு திரிந்தானே, அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. இவனுக்கு அண்ணன் கிடைத்தான், ஊர் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது அப்பனைக் கொல்லப் பார்த்தவள் என்கிற பட்டம், அதையும் அவளே தனக்குக் கொடுத்துக்கொண்டாள். எழுந்து கொல்லைப்புறம் போனான். குந்தவை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"குந்தவை, ஒண்ணு சொல்லணும். நான் மருந்து குடிக்கல."

அவள் நிமிரவில்லை.

"முதுகு வலிக்கு மாத்திரை போடுவேன். அன்னைக்கு நாலஞ்சு கூடப் போட்டுட்டேன். மயக்கம் வந்துடுச்சு. பாட்டில் அங்க கெடந்ததப் பாத்து நீ தப்பா நெனச்சிட்டே. நான் சாவணும்னு நெனக்கவே இல்ல."

"தெரியும்" என்றாள் குந்தவை.

"என்ன தெரியும்?"

"உங்க சட்டையத் தொவைக்கிறது யாரு? எத்தன அட்டைய எடுத்துத் தூக்கிப் போட்டிருப்பேன். பையில வச்சது காணுமேன்னு நீங்க என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? கேக்க மாட்டீங்க. கேட்டா என்ன அட்டன்னு நான் கேப்பேனே." கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "அன்னைக்குச் சோத்த எடுத்துட்டு வந்தேன். கொறட்ட விட்டுக்கிட்டு கெடந்தீங்க. கையில அட்ட. எடுத்து வாய்க்கால்ல விட்டேன். மருந்து பாட்டிலத் தொறந்து சட்டையில ஊத்துனேன். பத்தாதுன்னு ஒதட்டுலயும் கொஞ்சம் தடவுனேன். அதுக்கப்பறந்தான் கத்துனேன்."

இளையபெருமாள் கிணற்று மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தெரியாம மாத்தி வைத்தியம் பாத்து நான் செத்திருந்தா?"

"வெவசாயியா செத்திருப்பீங்க."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல்தான். "நாகநாதன் பொண்ணப் பாத்தீங்கல்ல? எம்பொண்ண ஒருத்தன் அப்படிக் கூப்புட நான் விடமாட்டேன். ஒங்களக் காப்பாத்தணும்னுதான் ஒரு வருஷமாப் பாத்தேன். முடியல. பேரயாவது காப்பாத்தலாம்னு பாத்தேன்."

"நான் போதைக்காரன் இல்ல குந்தவை." பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"சரி" என்றாள்.

மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பான். எத்தனை வேலி நட்டான், எத்தனை தடவை பிடுங்கித் தள்ளி நட்டான். இவளுடைய கண்ணுக்கு அவன் எப்போதோ பாலத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்ட ஆள். நாகநாதன் சாவுக்குப் போகாமல் வீராப்பு பேசினானே, அன்றைக்குக் குழம்பு ஊற்றிய கை அதை நினைத்துக்கொண்டுதான் ஊற்றியிருக்கிறது. அவனுக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது. கொஞ்சம் தவறியிருந்தால் உயிர் போயிருக்கும் என்பதைவிட இதுதான் அதிகமாக வலித்தது.

"பிரகதி என்ன நெனச்சிட்டிருக்கான்னு தெரியுமா ஒனக்கு?" என்றான். "அவ சொன்ன வார்த்தையாலதான் நான் குடிச்சேன்னு நெனைக்கிறா. வாசல்ல வந்த பொண்ணுகிட்ட அவளே சொன்னா. நான் கேட்டேன்."

குந்தவையின் கை நின்றது. இது அவளுக்குத் தெரியாது. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து கீரையின் மேல் விழுந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் காம்பைக் கிள்ள ஆரம்பித்தாள்.

"அது கொஞ்ச நாள்ல மறந்துடுவா. இதுன்னா வாழ்நாளுக்கும் கூடவே வரும். சொல்லாதீங்க."

அவன் எழுந்தான்.

"சொல்லாதீங்கங்க" என்றாள் மறுபடியும். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும்.

பிரகதி உள்ளே ஜன்னலோரம் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், கொல்லைப்புறக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்ததும்தான் மூச்சு விட்டாள். இளையபெருமாள் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பிரகதி, அப்பா அன்னைக்கு மருந்து குடிக்கல."

அவள் விழித்தாள்.

"முதுகு வலிக்கு..." என்று ஆரம்பித்தான். அது சரியில்லை, நிறுத்தினான். "ஒரு மாத்திரை இருக்கு. அது போட்டா..." அதுவும் சரியில்லை. இவ்வளவு வருஷமாக அடுத்தவன் மேல் எறிந்துகொண்டிருந்த சொல், தன் பக்கம் திருப்பும்போது வாயை விட்டு வெளியே வரவில்லை. கொட்டகையில் இருக்கிற அட்டை அந்த நேரத்திலும் ஞாபகத்துக்கு வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"நாகநாதன் மாமா இருந்தாருல்ல? அவரு செத்தாருல்ல, எதாலன்னு ஒங்க ஸ்கூல்ல பேசிக்கிட்டாங்கல்ல?"

அவள் தலையாட்டினாள்.

"அப்பாவும் அந்த ஆளுதான்."

பிரகதியின் முகத்தில் அருவருப்பு வருகிறதா என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வந்தால் அது நியாயம்தான் என்று தன்னைத் தயார் செய்துகொண்டான்.

"அப்ப நான் சொன்னதால இல்லியா?"

"இல்லடா தங்கம். ஒனக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல."

"சத்தியமா?"

அவள் தலையில் கை வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள், வீட்டுக்கு வந்த பிறகும் அழாதவள், அப்பன் போதைக்காரன் என்று தெரிந்த நிம்மதியில் விம்மி விம்மி அழுதாள். இப்படியும் ஒரு நிம்மதி உண்டா என்று கேட்காதீர்கள், அந்தப் பிள்ளைக்கு இருந்தது.

"மோட்டார் கொட்டகையில ஓட்டுச் சந்துல ஒரு அட்ட இருக்கு" என்றான் அவன். "நீ போய் எடுத்து ஆத்துல போட்டுடு. நான் போனா போடுவேனான்னு எனக்குத் தெரியல."

"சரிப்பா."

பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் நிலைப்படியில் முறத்தோடு அம்மா நிற்பதைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். குனிந்து அப்பாவின் காதருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, அவன் கேட்காமலே சொன்னாள்.

"பயப்படாதீங்கப்பா. யாரு கேட்டாலும் மருந்து குடிச்சிட்டாருன்னே சொல்றேன்."